ழ-வின் காலும் ண-வின் வயிறும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று முதலாளி ஆளனுப்பினார். இரண்டு வார்த்தையோடு நிறுத்துகிற பழக்கம் எனக்கில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் வந்து பேச வேண்டாம், எழுதிக் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார். எழுதியதை மடித்து மேசைக்குள் போட்டுவிடலாம், என்னை மடிக்க முடியாது. சரி, எழுதுகிறேன். நீங்களாவது வாசியுங்கள்.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நம் அச்சுக்கடையில், இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே ஜன்னலோரத்தில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல், பேனர் என்று ஊவா மலைகளில் நடந்த நல்லது கெட்டது எல்லாமே என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போயிருக்கிறது. நான் ஓய்வு பெற்றது கண் மங்கியதால் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கண்ணுக்கு ஒன்றும் இல்லை. இடுப்புத்தான் போய்விட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திரையில் வருகிற எழுத்துருவின் பெயரை நம்பாதீர்கள். நம் கடைக்கு வந்த எழுத்துருக்கள் எல்லாம் பத்துக் கை மாறி, பென்டிரைவில் ஏறி இறங்கி வந்தவை. ஒரே எழுத்துருவுக்கு ஐந்து பெயர் இருக்கும், ஐந்து எழுத்துருவுக்கு ஒரே பெயர் இருக்கும். 'புதியது' என்ற பெயரில் ஒன்று இருக்கிறது பாருங்கள், அதுதான் அங்கே இருப்பதிலேயே பழசு. அதனால் நாங்கள் உருவத்தைப் பார்த்துச் சொந்தமாகப் பெயர் வைத்துக்கொண்டோம். தொப்பை, நெட்டை, சீக்காளி, மொட்டை. கடைக்குள் இப்படித்தான் பேசுவோம். ஒருமுறை நான் உள்ளே பார்த்து, "அந்தத் தொப்பையைக் கொஞ்சம் பெரிசாக்கு" என்று சத்தம் போட, கவுண்டரில் நின்ற போலீஸ்காரர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

எழுத்துருவைக் கண்டுபிடிக்க முழுச் சொல்லையும் பார்க்காதீர்கள். கல்யாண போட்டோவில் எல்லோரும் பவுடர் போட்டு ஒரே மாதிரி தெரிவார்களே, முழுச் சொல்லும் அப்படித்தான் ஏமாற்றும். ஓர் எழுத்தைத் தனியாகப் பிடியுங்கள். அ-வின் தலைச் சுழி மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா? புள்ளி உருண்டையா, சதுரமா? எழுத்தின் தலையில் உட்கார்ந்திருக்கிறதா, கொஞ்சம் உயரத்தில் மிதக்கிறதா? அச்சு மெஷினில் நின்ற அண்ணனும் நானும் தேத்தண்ணி நேரத்தில் வடை சுற்றி வந்த கடதாசியை வைத்துப் பழகுவோம். அதில் இருப்பது எந்த எழுத்துரு என்று முதலில் சொல்பவருக்குப் பெரிய வடை. எண்ணெய்ச் சொட்டைக் காட்டி, "இது புள்ளிதான், உருண்டைப் புள்ளி" என்று வாதாடியே அவர் பல வடைகளைத் தின்றிருக்கிறார்.

இது எல்லாவற்றையும் நீங்கள் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது வேறு விஷயம்.

நமுனுகுலப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம், அவர்கள் இன்னும் நம்மிடம்தான் வருகிறார்கள். கதையில் வரும் ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். மலைமேல் இருக்கிற லயங்களை, அதாவது வரிசை வீடுகளை, மேக்கணக்கு என்பார்கள், ஆற்றுப் பக்கம் இருக்கிற லயங்களைக் கீழ்க்கணக்கு என்பார்கள். கோயில் ஒன்று, தேர் ஒன்று, தலைவர் மட்டும் இரண்டு பேர். மேக்கணக்குக்கு வீரபத்திரன், கீழ்க்கணக்குக்குக் கோபால். ஆளுக்கொரு தொழிற்சங்கம். ஒருவர் இருமினால் மற்றவர் அதைவிடச் சத்தமாக இருமுகிற அளவுக்கு இருவருக்கும் பொருத்தம்.

அந்த வருடத் திருவிழா நோட்டீஸில் இரண்டு தலைவர்களின் பெயரும் ஒரே அளவு கட்டத்துக்குள் வரவேண்டும் என்று ஒப்பந்தம். கடையில் அப்போது இருந்த ஒருவர், வீரபத்திரன் என்ற நீளப் பெயரை அமுக்கிக் கட்டத்துக்குள் திணித்தார். கோபால் என்ற சின்னப் பெயரை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டத்தை நிரப்பினார். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையிலேயே வீரபத்திரன் கடை வாசலில் நின்றார். பின்னால் ஆட்கள்.

"மிஸ், இது யாரு பேருங்க?"

"உங்க பேருதான் தலைவரே."

"எம் பேரு மாதிரி இல்லீங்களே. ஆஸ்பத்திரியில ரொம்ப நாளு கெடந்து எந்திரிச்சு வந்தவன் பேரு மாதிரியில்ல இருக்கு!"

அதற்குள் கோபாலும் வந்து சேர்ந்தார். அவர் தையற்காரர் ஒருவரையும் அளவு நாடாவோடு கூட்டி வந்திருந்தார்.

"எம் பேர ஏங்க இப்புடி இழுத்து வச்சிருக்கீங்க? சின்ன ஆளுக்குப் பெரிய சட்ட மாட்டுன மாதிரி இருக்குன்னு பெரட்டுல நின்னு சிரிக்கிறானுங்க."

பெரட்டு என்றால் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடம். அங்கே ஒருவனைப் பார்த்துச் சிரித்துவிட்டால், அந்தச் சிரிப்பு கொழுந்துக் கூடையோடு மலை முழுக்கப் போய்வரும். அதனால் இதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. நீங்களும் நினைக்காதீர்கள். எழுத்தை அமுக்கவும் கூடாது, இழுக்கவும் கூடாது. எழுத்துக்கு வலிக்காது, ஆனால் அந்தப் பெயருக்கு உரியவருக்கு வலிக்கும்.

நான் இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தேன். வீரபத்திரனின் பெயரையும் அவர் பக்கத்து விஷயங்களையும் நெட்டையில் அடித்தேன். கோபாலின் பக்கத்தைத் தொப்பையில் அடித்தேன். அமுக்காமல் இழுக்காமல் இரண்டு பெயரும் கட்டத்தை நிரப்பின. தையற்காரர் அளந்து பார்த்துத் தலையாட்டினார். அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் தொழில் தெரிந்தவர்களுக்கு ஒரு நோய் உண்டு, விளக்கம் சொல்லாமல் இருக்க முடியாது.

"தலைவரே, உங்க எழுத்து பொறப்பிலேயே ஒல்லி. அடையாளம் சொல்றேன், 'விழா'வுல இருக்கிற ழ-வ பாருங்க. கோட்டுக்குக் கீழ எறங்கி நல்லா கால நீட்டி உக்காந்திருக்கு."

"தொரை மாதிரியா?"

"ஆமா, பங்களா வாசல்ல தொரை உக்காந்திருக்கிற மாதிரி."

வீரபத்திரனின் மீசை விரிந்தது. கோபால் பெஞ்சில் நெளிந்தார்.

"எங்களுக்கு என்னங்க மிஸ் அடையாளம்?"

"உங்களுக்கு ண. மொதச் சுழிய பாருங்க, கல்யாண வீட்டுல வயிறார சாப்பிட்டுட்டு எந்திரிச்ச ஆளு மாதிரி இல்ல?"

கோபால் தன் வயிற்றைத் தடவிக்கொண்டே சிரித்தார். இருவரும் மகிழ்ச்சியாக ஒரே பஸ்ஸில், வேறு வேறு சீட்டில், திரும்பிப் போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நெட்டை மேக்கணக்கின் கொடி ஆகிவிட்டது, தொப்பை கீழ்க்கணக்கின் கொடி ஆகிவிட்டது. பிறந்தநாள் பேனர், காதுகுத்துப் பேனர், கிரிக்கெட் சட்டை, ஆட்டோவின் பின்கண்ணாடி, எல்லாம் அதே எழுத்தில்தான் வேண்டும் என்று வந்தார்கள். பதுளையில் கேக் செய்கிறவர் நம் கடைக்கு வந்து, "அந்தக் கால் நீட்டுன ழ எப்புடிங்க, க்ரீம்ல வரையணும்" என்று மாதிரி வாங்கிப்போனார். பஸ் வளைவில் ஒரு பேனர் தெரிந்தாலே, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க முன்னரே, எந்தக் கணக்கு ஆட்களின் விசேஷம் என்று பஸ்ஸில் இருக்கிற பெண்கள் சொல்லிவிடுவார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். ஒரு தோட்டத்துக்கே எழுத்துரு பார்க்கக் கற்றுக்கொடுத்தவள் இந்த மாகாணத்தில் வேறு யார் இருக்கிறாள்?

அந்தப் பெருமை, வீரபத்திரனின் மகள் சுகந்தி, கோபாலின் மகன் தினேஷைக் கட்டிக்கொள்வேன் என்று சொன்ன அன்று முடிந்தது.

சுகந்தி தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். தினேஷுக்குப் பதுளையில் போன் கடையில் வேலை. இரண்டு வீட்டிலும் சட்டி பானை பறந்தது. பெரியவர்கள் பேசி, கோயிலில் வைத்துச் சம்மதம் வாங்கி, நாளும் குறித்துவிட்டார்கள். பத்திரிகை அடிக்க அப்பாக்களும் பிள்ளைகளுமாக நால்வரும் நம் கடைக்கு வந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. இரண்டு அப்பாக்களும் அவரவர் லயத்தில் ஒரே சத்தியத்தைச் செய்துவிட்டு வந்திருந்தார்கள்: பத்திரிகை நம்ம எழுத்தில்தான் வரும்.

நால்வரும் உள்ளே நுழைந்ததைப் பார்த்தவுடன் முதலாளி எழுந்து, வங்கிக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பினார். அன்று ஞாயிற்றுக்கிழமை.

நான் சாமர்த்தியமாக மூன்றாவது எழுத்துரு ஒன்றைக் காட்டினேன். சீக்காளியில், மெல்லிசாக, அழகாகத்தான் இருந்தது.

"இது சாவு நோட்டீசு எழுத்தில்ல?" என்றார் கோபால்.

"ஆமா, சங்கிலி மாமா செத்ததுக்கு இதுலதான் ஒட்டுனாங்க" என்றார் வீரபத்திரன்.

மொட்டையைக் காட்டினேன். அது தோட்டத்து ஆபீஸ் வாசலில் 'நாளை வேலை இல்லை' என்று ஒட்டுகிற எழுத்தாம். வளைவு நெளிவாக இருந்த இன்னொன்று பசறையில் டியூஷன் வகுப்பு நடத்துகிற மாஸ்டருடையதாம். வேண்டாம் என்று சொல்வதில் மட்டும் சம்பந்திகள் இருவரும் ஒரே குரலாக இருந்தார்கள். பிறகு பெண் வீட்டார் பெயரை நெட்டையிலும் மாப்பிள்ளை வீட்டார் பெயரைத் தொப்பையிலும் போட்டுப் பார்த்தேன். அதுவரை சரி. நடுவில் இருக்கிற 'திருமணம்' யாருடைய எழுத்தில் என்று வீரபத்திரன் கேட்டார். 'திரு'வைப் பெண் வீட்டாருக்கும் 'மணம்' என்பதை மாப்பிள்ளை வீட்டாருக்கும் என்று பிரித்து அடித்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. செருப்பு மாறிப்போட்ட ஆள் மாதிரி அந்தச் சொல் நொண்டியது. என் கையாலேயே அழித்துவிட்டேன்.

வீரபத்திரன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"மிஸ், சும்மா கஷ்டப்படாதீங்க. அவங்க எழுத்துல பத்திரிகை வந்தா நான் நாளைக்குப் பெரட்டுல போயி நிக்க முடியாது. அவங்க இஷ்டம்போல அடிச்சிக்கட்டும். நான் கோயிலுக்கு வரல. எம் மச்சான் தாரை வார்த்துக் குடுப்பான்."

"அப்பா இல்லாம நான் மணவறையில உக்கார மாட்டேன்" என்றாள் சுகந்தி. சத்தம் போடவில்லை. ஆனால் கண் நிறைந்துவிட்டது.

"அப்ப நாள தள்ளி வைப்போம்" என்றார் கோபால், சுவரைப் பார்த்துக்கொண்டு.

நாளைத் தள்ளி வைப்பது என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். தினேஷ் தரையைப் பார்த்தான். சுகந்தி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிந்தாள்.

"அக்கா, எதாவது செய்ங்க. இவங்க ரெண்டு பேரையும் ஒரே பஸ்ஸில ஏத்திக் கொண்டாறதுக்கே எனக்கு ஒரு வருசம் போச்சு."

எனக்குப் பயம் வந்தது. பொய் சொல்லவில்லை. ஆயிரம் பத்திரிகை அடித்திருக்கிறேன், ஒரு பத்திரிகையால் கல்யாணம் நிற்கப்போவதை அன்றுதான் பார்த்தேன். அதுவும் நான் கற்றுக்கொடுத்த பாடத்தால். பிள்ளைகளே, இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். அப்போது முதல் வேலையாகச் சண்டை போடுகிறவர்களைத் தேத்தண்ணிக் கடைக்கு அனுப்புங்கள். நானும் அனுப்பினேன். அவர்கள் போனபிறகு உட்கார்ந்து யோசித்தேன்.

யோசித்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. இவ்வளவு நேரமும் திரையில் எதைக் காட்டினாலும் வீரபத்திரனின் விரல் நேராக ழ-வுக்குத்தான் போனது. கோபாலின் விரல் ண-வுக்குத்தான் போனது. வேறு எழுத்து எதையும் இருவரும் பார்க்கவே இல்லை. அடையாளம் சொல்லிக் கொடுத்தவள் நான், அவர்கள் என் பாடத்தை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பத்திரிகை முழுவதையும் யாருடையதும் அல்லாத ஒரு சாதாரண எழுத்துருவில் அடித்தேன். அதில் இருந்த ழ எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நெட்டையின் ழ-வை வைத்தேன். ண எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தொப்பையின் ண-வை வைத்தேன். தடிப்பைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து ஒன்றோடொன்று ஒட்ட வைத்தேன். கல்யாணப் பத்திரிகையில் இந்த இரண்டு எழுத்துக்கும் பஞ்சமே இல்லை. அழைப்பிதழ், மகிழ்ச்சி, வாழ்த்து என்று ஒரு பக்கம் கால் நீட்டி உட்கார்ந்தது. திருமணம், மணமகன், மண்டபம், நண்பர்கள் என்று இன்னொரு பக்கம் வயிறு பெருத்தது. சுகந்தி மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். தினேஷ் மட்டும், "கண்டுபிடிச்சிருவாங்க மிஸ்" என்றான். நீ போன் விற்கிற வேலையைப் பார் என்று சொல்லிவிட்டேன்.

அவர்கள் திரும்பி வந்தார்கள். ஒரு பிரதி எடுத்து மேசையில் இருவருக்கும் நடுவில் வைத்தேன். வீரபத்திரனின் விரல் 'அழைப்பிதழ்' மேல் போய் நின்றது. கோபாலின் விரல் 'திருமணம்' மேல் போய் நின்றது. வீரபத்திரன் ஓரக்கண்ணால் கோபாலைப் பார்த்தார். கோபால் ஓரக்கண்ணால் வீரபத்திரனைப் பார்த்தார்.

"சரி, இருக்கட்டும்" என்றார் வீரபத்திரன்.

"எனக்கும் சரிதான்" என்றார் கோபால்.

இருவர் முகத்திலும் அடக்கி வைத்த சிரிப்பு. முதலாளியும் சரியாக அந்த நேரத்தில் வங்கியிலிருந்து திரும்பிவிட்டார்.

அன்றைக்கு எனக்குத் தலை கால் புரியவில்லை. இரண்டு தலைவர்களை ஒரே அடியில் ஏமாற்றியவள் நான்! மெஷின் அண்ணனிடம் சொன்னேன், என் அக்காவிடம் சொன்னேன், அக்கா வீட்டுப் பூனையிடம்கூடச் சொல்லியிருப்பேன். ஏமாற்றியது பாவம்தானே, மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். சொன்னால் சுவாமியாரும் கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டுவாரோ என்ற ஆசையில்தான் யோசித்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். கோயிலைச் சுற்றி மூடுபனி, உள்ளே மேளம். வீரபத்திரன்தான் தாரை வார்த்துக் கொடுத்தார். மகளையே பார்த்துக்கொண்டு வார்த்ததில் தண்ணீர் பாதி மாப்பிள்ளையின் வேட்டியில் சிந்தியது. சுகந்தி சிரித்துக்கொண்டே அழுதாள். பந்தியில் உட்கார்ந்தேன். பாயாச வாளியைத் தூக்கிக்கொண்டு வீரபத்திரனே வந்தார். என் இலையில் ஊற்றிவிட்டு, அக்கம்பக்கம் பார்த்து, குனிந்தார்.

"மிஸ், அந்த ண அவங்க எழுத்துதானுங்களே?"

எனக்குக் கை அப்படியே நின்றது.

"அன்னக்கே பாத்துட்டேன். நீங்கதானே அந்தப் பெஞ்சில ஒக்கார வச்சு ரெண்டையும் சொல்லிக் குடுத்தீங்க."

"பின்ன ஏன் தலைவரே ஒன்னும் சொல்லல?"

"எம் மக நின்ன நெலைய பாத்தேன். அதுக்கு மேல எனக்கு என்ன எழுத்து வேண்டிக் கெடக்கு?" கரண்டியை வாளிக்குள் ஒருமுறை சுற்றினார். "சம்மந்திக்கு ழ நம்மளுதுன்னு தெரியாது மிஸ். தெரிஞ்சா மனசு ஒடஞ்சிருவாரு. ஜெயிச்சிட்டோம்னு சந்தோசமா இருக்காரு, பாவம். நீங்களும் சொல்லிறாதீங்க."

இன்னொரு கரண்டி பாயாசம் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

நான் சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போனேன். அங்கே செம்பில் தண்ணீரோடு கோபால் நின்றார். என் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"மிஸ், அந்த ழ இருக்கில்லீங்களா..."

"எந்த ழ?" என்றேன். கழுவிய கையையே திரும்பவும் கழுவினேன்.

"கால நீட்டுனதுதான். அவரு எழுத்து. நமக்குத் தெரியாதா என்ன? அந்தப் புள்ள கண்ணு கலங்கிப்போயி நின்னுச்சு, நாளைக்கு நம்ம வீட்டுக்கு வர்ற புள்ள. சரி, போகட்டும்னு விட்டுட்டேன். வீரபத்திரன் அண்ணன் ண-வ கவனிக்கல மிஸ். இன்னக்கி மனுசன் எம்புட்டு சந்தோசமா இருக்காருன்னு பாத்தீங்களா? அப்புடியே இருக்கட்டும். என்ன?"

தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

பிள்ளைகளே, எழுத்துருவை அடையாளம் காண உங்களுக்குக் கண் வேண்டும். பழகினால் வந்துவிடும். ஆனால் உங்களுக்கு மட்டும்தான் கண் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களும் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுச் சில நேரம் பேசாமல் இருக்கிறார்கள். அன்று கடையில் நான் செய்தது எழுத்தை ஒட்டுகிற வேலை, அவ்வளவுதான். கல்யாணத்தை நடத்தி வைத்தது அவர்கள் இருவரும்தான். இது எனக்கு அந்தக் கை கழுவுகிற இடத்தில்தான் உறைத்தது. வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

புறப்படும் முன் மணவறைக்குப் போனேன். போட்டோகாரர் இரண்டு அப்பாக்களையும் கூப்பிட்டார். "நீங்க இப்புடி நடுவுல வாங்க சம்மந்தி" என்றார் ஒருவர். "இல்ல, இல்ல, நீங்க வாங்க" என்று இழுத்தார் மற்றவர். போட்டோகாரர் கமராவைக் கீழே இறக்கிவிட்டுக் காத்திருந்தார். சுகந்தி என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள். அப்பாக்கள் எழுத்தைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம் காலையிலிருந்தே அவளுக்குள் இருந்திருக்க வேண்டும்.

"அக்கா, பந்தியில அப்பா ஒங்ககிட்ட குனிஞ்சு என்னமோ கேட்டாரே, என்ன?"

"பாயாசம் போதுமான்னு கேட்டாரு."

"மாமாவும் ஒங்ககிட்ட பேசிக்கிட்டு நின்னாருதானே?"

"அவரும் அதத்தாம்மா கேட்டாரு."